வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ்

எதிரணிக் கல்லூரிக்கு மாறப்போகும் கோல்கீப்பர் ஜெர்வின், டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் அவனுக்கே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். போன வருடம் அவனைத் தோளில் தூக்கி ஆடிய பையன்களின் பெயர்கள் கீழே இருந்தன. படம், அறைத்தோழன் எடுத்தது.

பைக்கை விட்டு இறங்கிய ஜெர்வின் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அந்த வழியே வந்த பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“பாவம், சின்ன வயசு. தெரிஞ்ச பையனாப்பா?”

“கூடப் படிச்சவன்க்கா.”

அவள் ஒரு சரம் பிச்சிப்பூவை நீட்டினாள். “எனக்கு எட்டாது. நீ வளத்தியா இருக்க, மேல கட்டி விடு.”

எம்பாமலே அவனுக்கு எட்டியது.

“நல்ல பையனா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

பூவைக் கட்டி முடித்த பிறகும் அவன் கைகளை இறக்கவில்லை.