நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி

எப்போதோ ஓர் ஆபீஸில் கேட்ட கீபோர்டுச் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவது போல, அந்தப் பழைய மானிட்டரின் நினைவில் இன்னும் இருந்தது. இப்போது அது காஜா பாயின் செகண்ட் ஹேண்ட் கடையில் நின்றது. இன்றைக்கும் விலை போகாவிட்டால் நாளை காயலாங்கடைதான். அதன் திரை நடுவே ஒரு புள்ளி பழுதாகி, எப்போதும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"பொட்டு வெச்சுக்கிட்டு யாருக்குக் காத்திருக்கீங்க பெருசு?" என்றது பக்கத்திலிருந்த வளைந்த மானிட்டர். "என் வேகத்துக்குத் திரையில புலி பாய்ஞ்சாலும் படம் பிசிறு தட்டாது."

"பேசு தம்பி. உன்னை வளைச்சு வெச்சிருக்காங்க, அதுகூடத் தெரியாம நிமிர்ந்து நிக்கறே."

மானிட்டர் வாங்க செல்வின் வந்தான். "ஆபீஸ் வேலைக்குத்தான் பாய். எப்பவாச்சும் கேம்" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வளைந்ததன் விலையைக் கேட்டதும் அவன் முகம் வாடியது. பழையதைப் போட்டுப் பார்த்தான். வெள்ளைத் திரையில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. பழையதற்கு உயிரே போயிற்று.

பிறகு துப்பாக்கி விளையாட்டைத் திறந்தான். குறி பார்க்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நின்றது அந்தப் புள்ளி. அவன் சுட்ட ஒவ்வொருவனும் விழுந்தான்.

"பாய், இதையே பேக் பண்ணுங்க!"

"நடுவுல புள்ளி இருக்கேப்பா?"

"அதைச் சரிபண்ணித் தொலைச்சுடாதீங்க!"

வளைந்த மானிட்டர் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. வாசல் கேமராவோடு இணைத்துவிட்டார்கள். நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களை நாள் முழுக்கக் காட்டுகிறது.