இரண்டாவது அடுப்பு

வவுனியா நகரோரத்தில் இனி எத்தனை வீடுகள் தேவை என்று கணிக்க வந்திருக்கும் ஜெயரூபி, பேச்சியம்மா வீட்டின் பின்தாழ்வாரத்தில் குனிந்து நிற்கிறாள். தனியே சமைப்பவர்களே தனிக் குடும்பம் என்பது விதி. அப்படிப் பதிந்தால்தான் மணமாகி இங்கேயே வாழும் மகள் ராஜினிக்கு வீடு கிடைக்கும். கூரைத் தகரத்தின் ஆணித்துளை வழியே இறங்கும் வெயில், மூன்று அடுப்புக் கற்களின்மீது வட்டமாக விழுகிறது. கற்களில் கரியில்லை. “கலியாணத்துலயிருந்தே எங்களுக்குத் தனிச் சமையல்தான் மிஸ்,” என்கிறாள் ராஜினி. குசினிக்குள்ளிருந்து பேச்சியம்மா கூவுகிறார்: “ஏய், ஒம் புருசனுக்கும் சேத்து அரிசி போடவா?” ராஜினி கண்களை மூடிக்கொள்கிறாள். ஜெயரூபி சிரிப்பை விழுங்கிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு அமர்கிறாள். “இந்த அடுப்பிலை எனக்கொரு தேத்தண்ணி வையுங்கோ. குடிச்சிட்டுத் தனிக் குடும்பமெண்டு எழுதிறன்.” ராஜினி குசினிப் பக்கம் திரும்புகிறாள்: “அம்மா, தீப்பெட்டியும் தேயிலையும் குடும்மா!”