நாவல் தோப்பின் கதவு

கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு மட்டும்தான் நாவல் தோப்பின் கதவு திறக்கும். தினமும் மாலையில், ரத்தத்தைச் சோதிக்கும் அந்தக் கதவில் விரலை வைத்து உள்ளே போக வேண்டும். மருந்தான பழத்தைத் தின்றதற்குச் சாட்சியாக ஊதா நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வெளியே வர வேண்டும்.

மனைவியை இழந்த மாசிலாமணியும் கணவரை இழந்த சுகிர்தம் டீச்சரும் ஒரே மரத்தடியில்தான் உட்காருவார்கள். வேறு எங்கே உட்கார்ந்து பேசினாலும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கேள்வி கேட்பார்கள். வைத்தியம் என்றால் யாரும் கேட்பதில்லை.

அன்று டீச்சர் விரல் வைத்ததும் கதவு சொன்னது: “உங்கள் ரத்தம் சீராகிவிட்டது அம்மா. நாளை முதல் வர வேண்டாம்.”

மரத்தடியில் விஷயத்தைச் சொன்ன டீச்சர், பழத்தைத் தொடவே இல்லை.

“நல்ல சேதிதானே டீச்சர்? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“எனக்கு முன்னாலயே சேர்ந்தவரு நீங்க. இத்தனை பழம் தின்னும் உங்களுக்கு மட்டும் ஏன் சார் குறையவே மாட்டேங்குது?”

மாசிலாமணி கொட்டையைத் துப்பினார்.

“போற வழியில ஒரு போண்டா கடை இருக்கு. தினமும் போவேன்.”

“இந்த வயசுலயும் நாக்கு அடங்கலையாக்கும்.”

“எனக்கு போண்டாவே பிடிக்காது டீச்சர்.”

சுகிர்தம் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க. அந்தக் கடையைக் காட்டுங்க.”