தலையாட்டியின் காது

பெனடிக்ற்றின் காதைக் கொழும்பு டொக்டர் விரலால் மடக்கித் தலையோடு ஒட்டிப் பார்த்தார். கையை எடுத்ததும் அது பழையபடி விரிந்து நின்றது.

"குருத்தெலும்புதான். பின்பக்கம் வெட்டி மடித்துத் தைத்துவிடலாம்," என்று சிங்களத்தில் சொன்னார். "ஏன் இந்த அவசரம்? கலியாணமா?"

அந்தக் கிளினிக்கில் இரண்டு பாசையும் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். எத்தனையோ பேரின் சீழையும் வாந்தியையும் முகம் சுளிக்காமல் துடைத்திருக்கிறேன். இவனுக்காக வாய் திறப்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"கலியாணமோ எண்டு கேக்கிறார். உனக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?"

அவன் தலை குனிந்தான். காது சிவந்தது. எங்கள் கீரிக் கிராமத்தில் அந்தக் காதைத் தெரியாதவர்கள் இல்லை. சின்ன வயதில் சுளகுக் காதன் என்று அவனுக்குப் பட்டம் வைத்ததே நாங்கள்தான்.

போன மாசியில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களைக் கோயில் வளவில் வரிசையாக நடக்கவிட்டது. ஜீப்புக்குள், ஆளைக் காட்டிக்கொடுக்கத் தலையாட்டியை இருத்தியிருந்தார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை யாரைப் பார்த்து ஆடியதோ, அவன் ட்ரக்கில் ஏறவேண்டியதுதான்.

என் தம்பி வலன்ரைனைப் பார்த்தும் ஆடியது. அவன் திரும்பி வரவில்லை.

ஆளைத் தெரியக்கூடாது என்றுதான் சாக்குப் போடுவது. ஆனால் அதன் இரண்டு பக்கமும் காது முட்டிக்கொண்டு நின்றதை ஊரே பார்த்தது. அதற்கு முன்பே பிடிபட்டு ஆமிக் காம்பில் கிடந்த பெனடிக்ற்றை அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவனும் மறுக்கவில்லை. கல்லெறி விழுந்தபோதுகூட, "ஓம், நான்தான்," என்றானாம். பங்குச் சுவாமி கோயில் அறைவீட்டில் படுக்க இடம் கொடுத்ததால்தான் இன்னும் உயிரோடு திரிந்தான்.

ஐப்பசியில் திகதி தரலாம் என்றார் டொக்டர். சொன்னேன்.

"ஐயோ, ஆவணித் திருவிழாவுக்கு முன்னம் வேணும் அக்கா. காலில விழுந்து கேக்கிறன், சொல்லுங்கோ."

"காதைத் தைச்சா சனம் மறந்திடுமோ? என்ர அம்மா மறந்திடுவாவோ?"

"எனக்கில்லை அக்கா." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "என்ர காது கிடக்கட்டும். இதை உங்களிட்டச் சொல்லக்கூடாது. ஆனா வேற ஆரிட்டச் சொல்லுவன்? டொக்டருக்குத் தமிழ் தெரியாது."

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த தாயைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். மார்த்தா மாமி. காது தெரியாமல் முடியை இறக்கி வாரிக் கொண்டை போட்டிருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் வாருவார். பெனடிக்ற் அந்த முடியை ஒதுக்கினான்.

இரண்டு காதும் விரிந்து நின்றன.

சாக்கை முட்டிக்கொண்டு நின்ற அதே காது. சுற்றிவளைப்பு நடந்தபோது இவன் காம்புக்குள். இவனை விடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு அங்கே போயிருந்தது இவர்.

"நான் உயிரோட வந்தா மடுக்கோயில் மாதாவுக்குத் திருவிழாவில முடி தாறன் எண்டு நேந்தவ. மொட்டை போட்டா ஊர் கண்டிடும் அக்கா. வேண்டாம் எண்டு எவ்வளவு சொல்லியும் கேக்கிறா இல்லை."

"மாதாவுக்குச் சொன்னதை மாத்தேலாது, பிள்ளை," என்றார் மார்த்தா மாமி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கொண்டையைப் பிடித்து உலுப்பவேண்டும் போலிருந்தது. அந்த மடியிலேயே விழுந்து அழவும் வேண்டும் போலிருந்தது. எதையும் செய்யவில்லை.

என்ன சொல்கிறார்கள் என்று டொக்டர் கேட்டார்.

"தாய்க்குத்தானாம், சேர். காது வடிவில்லை என்று வெட்கப்படுகிறாராம். திருவிழாவுக்கு முன்னம் செய்துவிடவேண்டுமாம்," என்றேன்.

டொக்டர் சிரித்துக்கொண்டு திகதிப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

அதே மாதாவுக்கு, தம்பி வந்தால் தருவதாக, எங்கள் அம்மாவும் முடி நேர்ந்திருக்கிறார். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.