மைனஸ் நாற்பது

“மறுபடியும் அதே லைட்!” என்று ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான் தம்பி. பாவம், அது என்ன செய்யும்?

காலையில் அப்போதுதான் காரைக் கிளப்பியிருந்தான். எஞ்சின் இன்னும் சூடாகக்கூட இல்லை. ஆனால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. முன்னால் ரேடியேட்டர் ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றியது.

“உங்க அண்ணன்கிட்டயே காட்டிடலாங்க. தெருக்கோடிதானே” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

“எத்தனை தடவைதான் காட்டறது? செக்கு மாடு மாதிரி நான் அந்த ஒர்க்‌ஷாப்பையே சுத்திக்கிட்டிருக்கேன்!”

அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வார்த்தை தடித்தது. அப்பா போய்ச் சேர்ந்தார். இருவருக்கும் இருந்த பேச்சும் அவரோடு போய்விட்டது.

அதற்காக கார் ரிப்பேராகாமல் இருக்குமா? பக்கத்தில் இருப்பது அண்ணனின் ஒர்க்‌ஷாப் ஒன்றுதான். அண்ணன் பானெட்டைப் பார்த்துப் பேசுவார். தம்பி டயரைப் பார்த்துப் பதில் சொல்வான். இப்படியும் ஒரு பிடிவாதம்.

போன வாரமும் இதே கூத்துதான். அண்ணன் ஸ்கேனரை மாட்டினார்.

“எஞ்சின் சூடு மைனஸ் நாப்பதாம். பனிக்கரடியே விறைச்சுப் போயிடும்” என்றார் பானெட்டிடம்.

“கூலன்ட் சென்சார் போச்சுன்னா மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றான் தம்பி டயரிடம்.

“சென்சார் நல்லாத்தான் இருக்கு. வண்டிக்காரங்க செத்த நேரம் உட்காரலாம். டீ வருது.”

டீ வந்தது. தம்பி குடித்தான். அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டு என்னவோ செய்தார். விளக்கு அணைந்தது. ஒரு வாரம் கார் ஒழுங்காக ஓடியது. இதோ, பழைய குருடி கதவைத் திறடி.

“இன்னிக்கு அங்க போகப் போறதில்ல. கம்பெனி சர்வீஸுக்கே போறேன்” என்று தம்பி வண்டியைத் திருப்பினான்.

“எதுக்குங்க அவ்வளவு தூரம்?”

“தூரமா இருந்தாலும் வேலை தெரிஞ்சவன் இருப்பான்.”

சர்வீஸ்காரர் பானெட்டைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“சார், சென்சாரோட பிளக் கழண்டு தொங்குது. அவ்வளவுதான் விஷயம்.”

“அதுவா கழண்டுக்குமா?”

“லாக் விழற மாதிரி மாட்டினா கழலவே கழலாது. ஒண்ணு, அரைகுறையா மாட்டியிருக்கணும். இல்ல, யாராவது கையால இழுத்திருக்கணும்.”

தம்பிக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. காரில் வந்து உட்கார்ந்ததும் வெடித்தான்.

“பாத்தியா? வேணும்னே அரைகுறையா மாட்டி அனுப்பறான். அப்பத்தானே அடுத்த வாரமும் நான் போய் நிக்கணும்! கூடப் பிறந்தவன்கிட்டயே இந்த வேலை!”

“அவர் அப்படிப்பட்டவர் இல்லைங்க.”

“நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன் பாரு. இன்னியோட அண்ணன்ங்கற உறவையே தலைமுழுகிடறேன்.”

“ஏங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்களேன்...”

“நீ வாயைத் திறக்காதே!”

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று தம்பி காரை விட்டு இறங்கினான். இந்தத் தடவை டயரைத் தேடவில்லை.

“ஏன், பிளக்கை ஒழுங்கா மாட்டாம அனுப்பினா நான் திரும்பத் திரும்ப வருவேன்னு திட்டமா? சர்வீஸ் சென்டர்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. வெக்கமா இல்ல உனக்கு?”

காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அப்பா போனதிலிருந்து முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“லாக் விழற வரைக்கும் அமுக்கி, இழுத்துப் பாத்துத்தான்டா அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் கழண்டுதான் வந்துச்சு. யாரோ கையால கழட்டினதுன்னு பாத்தாலே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுதுல்ல? அப்ப ஏன் சொல்லல?”

அண்ணன் அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீதான் கழட்டிட்டு வர்றேன்னு நெனச்சேன்டா. என்னைப் பாக்க வேற சாக்கு கிடைக்காம இப்படி வர்றேன்னு... கண்டுபிடிச்சதா சொன்னா கூச்சப்பட்டு வராம போயிடுவே. அதான் பேசாம மாட்டி மாட்டி அனுப்பினேன்.” அவர் துடைப்பதை நிறுத்தினார். “அப்ப... அது நீ இல்லையா?”

தம்பி திரும்பிக் காரைப் பார்த்தான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் அவனுக்கு முன்னாலேயே சாவியோடு காருக்குப் போனவள் அவள்தான்.

அவளைத் திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அண்ணன் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களுக்கு எதிரே உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“நான்தாண்ணே கழட்டினேன்” என்றான்.