மூன்றாவது தடவை

மறதி நோயாளிகள் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இப்போதெல்லாம் தங்களைப் போலவே தோன்றிப் பேசும் கணினிப் பிம்பத்தைத்தான் அனுப்புகிறார்கள். அப்பாவைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன மரகதமும் ஒருநாள் அப்படியே செய்தாள். அப்பாவைத் திரும்ப அழைத்துப்போக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டிப்போவுக்கு நேரமாச்சா தாயி?" பழைய கண்டக்டரான அப்பா முப்பதாவது தடவையாகக் கேட்டார்.

"இன்னும் நேரம் இருக்குப்பா." பிம்பம் முதல் தடவை போலவே சிரித்தது.

அவர் மிரண்டுபோய்ப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பிடித்துக்கொண்டார். "இது யாருய்யா? எம்பொண்ணுன்னா மூணாவது தடவையே கத்தியிருப்பாளே!"

மரகதத்துக்கு முகம் சுண்டிப்போனது. கிளம்பும்போது சங்கச் செயலாளரிடம் பிம்பத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லிவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பிம்பம் மூன்றாவது தடவையிலேயே சீறியது: "எத்தனை தடவைப்பா சொல்றது!"

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா தாயி?"