நாலு மஞ்சள் கோடுகள்

காரின் பானட்டைத் திறந்ததும் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. யாரோ உள்ளே அடைபட்டுக் கதவைத் தட்டுவதுபோல டக் டக்கென்று.

அக்கா இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி வந்தாள். பின்சீட்டில் அவளுடைய பெட்டி, தலையணை, டூல்பாக்ஸ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

மறுநாள் காலை அவள் வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும். நடுவழியில் நின்றுபோன வண்டிகளைத் தேடிப் போய்ச் சரிசெய்கிற வேலை. சொந்தக் காரோடு வந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் போகாவிட்டால் அடுத்த ஆள் தயார்.

வீட்டை ஒட்டிய ஷெட்டின் வாசலில் அப்பா நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் ஓடுகிற வண்டிகளில் பாதி அவர் கைபட்டவை.

"பேரிங் போயிடுச்சு. இன்ஜினை இறக்கணும். ஒரு மாசம் ஆகும்," என்றார், டம்ளரைக் கீழே வைக்காமலே.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்குத் தோன்றுவதில் பாதி தப்பாகிவிடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அக்கா முடித்த அதே மெக்கானிக் மாலை வகுப்பில்தான் நான் இப்போது படிக்கிறேன். அவள் ஒரு தடவை கேட்டுப் பிடித்துக்கொண்டதை நான் எழுதி எழுதியும் மறக்கிறேன்.

"என்னடி முழிக்கிற? கிளாஸ்ல தூங்கினியா? பிளக் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டு," என்றாள் அக்கா.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். ஒயரைக் கழற்றினால் அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. பேரிங் அங்கே போயிருந்தால் சத்தம் கொஞ்சமாவது அடங்க வேண்டும்.

கழற்றினேன், மாட்டினேன், அடுத்ததற்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் திணறியது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

"அப்ப பேரிங் இல்ல," என்றாள் அக்கா.

அப்பா டீயை ஊதினார். அது ஆறி ரொம்ப நேரமாகியிருந்தது.

அக்கா நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டாள். முதலில் நடுவில், அப்புறம் பின்னால். கண்ணை மூடியிருந்தாள்.

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாமே அக்காவின் குரல்தான். அவள் இவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

முன்பக்கம் வந்ததும் கண்ணைத் திறந்தாள். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, அது ஓடுகிற பெரிய புல்லிச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள்.

விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அதைப் பிடித்திருந்த நாலு போல்ட்டும் லூஸ்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த போல்ட்டை முடுக்கினாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். போல்ட் இம்மி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த நாலுக்கும் அவர்தான் போட்டிருந்தார்.

அக்கா குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு பெயிண்டை அழிக்கிற தின்னரில் நனைத்த துணியால் நாலு போல்ட்டையும் அழுத்தித் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. ரோட்டு அதிர்வுல கழண்டிருக்கு," என்றாள் சத்தமாக.

நான் என்னவோ சொல்ல வந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

அக்கா போல்ட்டுகளை முடுக்கி, பெல்ட்டை மாட்டி, ஸ்டார்ட் செய்தாள். தட்டல் போன இடம் தெரியவில்லை. திரும்ப அணைத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போய் நீட்டினாள்.

"நான் போட்டா கோணலாப் போகும். நீங்களே போடுங்கப்பா."

வேலை கிடைத்த நாளிலிருந்து அப்பா அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. போயிட்டு வா என்றும் சொன்னதில்லை.

டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு போல்ட்டாக இழுத்துப் பார்த்தார். எதுவும் அசைந்துகொடுக்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் கோடு இழுக்க ஆரம்பித்தார்.

நாலாவது கோட்டை முடித்தபின், "இருட்டறதுக்குள்ள போய்ச் சேந்துடு," என்றார்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை இருவரும் நின்றோம். திரும்பிய பிறகும் அப்பா காதைக் கொடுத்தபடி நின்றார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா விட்டுப்போன துணி தரையில் கிடந்தது. மஞ்சளாகியிருந்தது.

அவள் துடைப்பதற்கு முன் நானும் பார்த்திருந்தேன். நாலு கோடும் முறிந்துதான் இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி.

ரோட்டு அதிர்வுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. இந்தத் தெருவில் அப்படி ஸ்பேனர் பிடிக்கிறவர் ஒருவர்தான்.